கோலா சாவாவில் ஒரு காட்டு இஞ்சியும் ஊர்ப்பட்ட கானாங்கோழியும்

லாபுவில் ரயில் நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ, காட்டுக்குள்ளிருந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கப்பலில் வந்த நாளெல்லாம் குமட்டி, கோலாலம்பூர் விடுதியில் மூட்டைப்பூச்சிகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவள் நான். சிப்பாய்கள் துப்பாக்கியோடு இறங்கி ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு வந்தது பயமில்லை, கொட்டாவி.

எதிர்ப் பலகையில் இரண்டு மலாய்க்கார அம்மாள்கள் வெற்றிலை மடித்தபடி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழர் எனக்கு மொழிபெயர்த்தார். "போன தடவ நின்னப்போ ஒரு பாயே பின்னி முடிச்சிட்டேன், இந்தத் தடவ ஓலை கொண்டாரல, அப்படிங்கிறாங்க லா." நானும் சிரித்தேன். பிறகு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தச் சமயத்துல எஸ்டேட்டுக்கு எதுக்கும்மா போறீங்க?" என்றார். ஒரு செடியைப் பார்க்க என்றேன். அதற்கப்புறம் செரம்பான் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஐம்பது தாண்டிய முழங்காலோடு வீட்டில் கிடக்க வேண்டியவள்தான் நான். என் பேராசிரியர் ஜப்பான் சண்டைக்கு முன்பு மலாயாவில் கொஞ்ச காலம் இருந்தார். கோலா சாவாப் பக்கம் ஓர் எஸ்டேட்டின் ஓரத்தில், ஓடைக்கரையில், இஞ்சி இனத்தில் ஒரு சின்னச் செடியைக் கண்டெடுத்தார். பூ மட்டும்தான் கிடைத்தது. முற்றிய காயைப் பிளந்து விதையைப் பார்த்தால்தான் அது எந்தக் குடும்பக் கிளையில் சேரும் என்று முடிவாகச் சொல்ல முடியும். அதன்பின் தேடிப் போன இரண்டு பேர் வெறுங்கையோடு வந்தார்கள். பேராசிரியருக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. "முழுசாப் போறதுக்குள்ள அந்தக் காயைக் கொண்டாந்து என் கையில குடும்மா" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கிய கதையை விட்டுவிடுகிறேன். அதை நினைத்தாலே தலை வலிக்கிறது.

மறுநாள் செரம்பானில் ஒரு முஸ்லிம் பாயின் மளிகைக்கடையில் டின் பால் வாங்கினேன். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக்காரர். "வாங்க, ஊர்லேர்ந்தா?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டு, ஒரு ஆணியை எடுத்து டின் தலையில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டு ஓட்டை பண்ணிக் கொடுத்தார். நான் பதறிவிட்டேன். "சட்டம்மா. முழு டின்னா கொடுத்தா காட்டுல இருக்கிறவங்களுக்குப் போயிரும்னு பயம். ஓட்டை போட்டா ரெண்டு நாள்ல கெட்டுடும் பாருங்க. இன்னைக்கே குடிச்சிடுங்க" என்றார். எஸ்டேட் லாரியில் போகும்போது அந்தப் பால் என் பையெல்லாம் வழிந்து, செடி உலர்த்தக் கொண்டுபோன தாள்கள் அத்தனையும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. எறும்பு வேறு. இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று வாய்விட்டே சொன்னேன். டிரைவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எஸ்டேட்டில் கிராணி வீட்டில் தங்கினேன். கிராணி என்றால் கணக்கப்பிள்ளை. துரைசாமி என்று பெயர், யாழ்ப்பாணம் போய் வந்தவர் போல வெள்ளை வேட்டியும் கோட்டும். நல்ல மனிதர்தான், ஆனால் வேலையாட்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மூக்கைச் சுளிப்பார். அந்த வட்டாரத்தில் சிதறிக் கிடந்த வேலையாட்களின் லயத்து வரிசை வீடுகளையெல்லாம் பெயர்த்து ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். அரிசியை யாருக்கும் அரிசியாகக் கொடுப்பதில்லை. பொதுச் சமையல்கூடத்தில் ஆக்கி, சோறாகத்தான் அளந்து போடுவார்கள். அந்தச் சோற்றிலும் ஒரு பருக்கை வாசலைத் தாண்டக் கூடாது. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் காலையில் வெறும் கறுப்புக் காப்பியோடு போய், மத்தியானம் திரும்பித்தான் சாப்பிட வேண்டும். விருந்தாளிக்கும் அதே சட்டம். காப்பியிலும் சிக்கரி தூக்கல். காவிரிக்கரையில் காப்பி குடித்து வளர்ந்தவள் அதைக் காப்பி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

விடிவதற்கு முன்னால் ஒரு சத்தம் என்னை எழுப்பிவிட்டது. யாரோ தொண்டையில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியபடி சண்டை போடுவது போலிருந்தது. ஓய்ந்தது என்று புரண்டு படுத்தால் மறுபடியும் ஆரம்பம். வெளியே வந்து பார்த்தால் லயத்துச் சாக்கடையில் நம்மூர்க் கானாங்கோழி! அதே கறுத்த முதுகு, வெள்ளை மார்பு, தூக்கித் தூக்கி ஆட்டும் வால். பின்னால் கரித்துண்டு உருள்வது போல நாலைந்து குஞ்சுகள். கடல் தாண்டி வந்து பார்த்த முதல் தெரிந்த முகம் இதுதானா என்று சிரிப்பு வந்தது. இங்கே அதை ருவாக் என்கிறார்கள்.

ஓடைக்கரையில் செடியைத் தேடி நாட்கணக்கில் சேற்றில் கிடந்தேன். பதுங்கிச் சுடுவதற்கு மறைவு இருக்கக் கூடாது என்று ஓடையோரப் புதரையெல்லாம் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டுகிறவர்களுக்கு முன்னால் நான் குனிந்து தேட, எனக்குப் பின்னால் கரை வெட்டவெளியாகிக்கொண்டே வந்தது. கடைசி மூலையில், வெட்டுக்கத்தி வர இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது, ஒரு பாறை நிழலில் கண்டேன். கையகலக் குத்து. மண்ணோடு மண்ணாகப் பூத்து முடிந்திருந்தது. வாடாத பூ ஒன்றே ஒன்று, மோர் நிறம், உதட்டில் மஞ்சள் கோடு. பக்கத்தில் சுண்டைக்காயைவிடச் சிறியதாகக் காய் பிடிக்க ஆரம்பித்திருந்தது. சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றைக்கே துரையைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர், தோட்டத்து மேலாளர், ரோஜா வளர்க்கிறவர். காய் முற்றுகிற வரைக்கும் அந்த மூலையை மட்டும் வெட்டாமல் விட முடியுமா என்று கேட்டேன். யோசித்தார். செடிப் பைத்தியம் செடிப் பைத்தியத்தை அறியும் போலிருக்கிறது. சரி, காய் பழுக்கட்டும், ஆனால் போலீஸ் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அதன்பின் ஒரே வேலை, காத்திருப்பது. காலையில் போய்க் காயைப் பார்ப்பேன். நேற்று இருந்ததுபோலவே இருக்கும். திரும்பி வருவேன். ஒருநாள் அப்படிப் போகும்போது எதுவோ காலைப் பிடித்து இழுத்து, குப்புற விழுந்து முகமெல்லாம் சேறாகிவிட்டது. கணுக்காலில் ஒரு கண்ணி. நான் போட்ட கூச்சலில் புதருக்குள்ளிருந்து ஓர் ஆள் பால்வாளியோடு ஓடிவந்தான்.

"ஐயோ டீச்சரம்மா! ருவாக்குக்கு வச்சது லா. நீங்க மாட்டிக்கிட்டீங்களே!"

"சிரிக்காதப்பா! முதல்ல அவிழ்த்துவிடு. காலை ஒடிச்சிருப்பியே?"

அவன் சிரிப்பை அடக்க முடியாமல்தான் அவிழ்த்தான். மாரிமுத்து என்று பெயர், பக்கத்து நிரை மரங்களில் பால் வெட்டுகிறவன். மனைவி அஞ்சலைக்குக் குழந்தை பிறந்திருந்தது, தலைச்சன். பால் சுரக்கவில்லை. கோழி அடித்துச் சாறு கொடுக்கலாமென்றால், வீடு மாற்றியபோது வந்த கோழிச் சீக்கில் லயத்தில் ஒரு கோழி மிஞ்சவில்லை.

"ருவாக் சாறும் நல்லதுன்னு பெரியவங்க சொல்வாங்க. லயத்துல வச்சா புள்ளைங்க கால் மாட்டிக்கும். வெளிய இந்த மூலை ஒண்ணுலதான் இன்னும் அதுக்குப் புதர் இருக்கு, அதான் இங்க வச்சேன். உங்க செடிய மிதிக்க மாட்டேன், பயப்படாதீங்க."

கண்ணியைச் சுற்றிக் கொஞ்சம் சோறு சிந்திக் கிடந்தது. வாசலைத் தாண்டி இது எப்படி வந்தது என்று கேட்டேன். மடியைத் தட்டிக் காட்டினான். "முந்தாநாத்து சோறு. ஊசிப்போச்சு. சோறுன்னாத்தானே சட்டம்? இது சோத்துல சேத்தியா?" என்றான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் வீடுகளில் ஊசிப்போனதைச் சோறு என்று யார் சொல்கிறார்கள்? கோழிக்கும் மாட்டுக்கும் கொட்டுவது அது. சேற்றைத் துடைத்துக்கொண்டு என் காயைப் பார்க்கப் போனேன்.

உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், கானாங்கோழியையும் இஞ்சியையும் மனசுக்குள் எடை போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கானாங்கோழிக்கு வயலும் சரி, சாக்கடையும் சரி. புழு கிடைத்தால் புழு, பருக்கை கிடைத்தால் பருக்கை. ஓடைக்கரையை வெட்டி எறிந்த மறுநாளே லயத்துக்குப் பின்னால் வந்து கூடு கட்டிக்கொண்டது. என் இஞ்சிக்கோ அந்தப் பாறை நிழல்தான் வேண்டும், அந்தக் கசிவுதான் வேண்டும், அந்தப் பூவுக்குள் நுழைகிற ஏதோ ஒரு பூச்சியும் வேண்டும். ஓரத்தில் ஒரு கிழங்கை மண்ணோடு பெயர்த்துக் கிராணி வீட்டுக் கொல்லையில் நட்டு, குடை பிடிக்காத குறையாகப் பார்த்துக்கொண்டேன். சில நாளில் அழுகிப்போயிற்று. அன்று காலை கிணற்றடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்ற ருவாக்கைச் செருப்பால் அடிக்கப் போனேன். ஒன்றுக்கும் உதவாத நீ இத்தனை பெருகிக் கிடக்கிறாய், அது ஒரே ஒரு குத்து இருக்கிறது, இதென்ன நியாயம் என்று கேட்கத் தோன்றியது. நியாயமாம், பறவையிடம்!

இதைச் சாப்பாட்டு வேளையில் துரைசாமியிடம் சொன்னேன். அவர் மென்றுகொண்டே, "நம்ம லயத்து ஜனங்களும் ருவாக் மாதிரிதான் டீச்சர். ஜப்பான்காரன் காலத்துல ரயில் பாதை போட சயாமுக்குத் தூக்கிட்டுப் போனான். இப்ப கம்பிக்குள்ள போட்டிருக்கு. எங்க தூக்கிப் போட்டாலும் பொழச்சுக்குவாங்க லா" என்றார். நானும் தலையாட்டிவிட்டு மோருக்குக் கை நீட்டினேன்.

இரண்டொரு நாள் கழித்து, விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் நிற்கிற நேரத்தில் வாசலில் ஒரே சத்தம். சோதனையில் மாரிமுத்துவின் மடியிலிருந்து இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துவிட்டார்கள். "ஊசிப்போனதுங்க, மோந்து பாருங்க" என்று அவன் சொல்ல, கேலி பண்ணுகிறான் என்று கன்னத்தில் ஓர் அறை. லாரியில் ஏற்றி ரந்தாவ் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோனான் என்று குற்றம். நான் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் லாரி போய்விட்டது.

அஞ்சலை கிராணி வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் குழந்தை. அது அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு வாரத்துல கோலாலம்பூருக்குப் பேப்பர் போயிடுமாம்மா. போனா வராதாம். அந்த மாதிரி பிடிச்சவங்கள இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுறாங்களாம், பொண்டாட்டி புள்ளையோட."

துரைசாமி சமாதானம் சொல்லப் போனார். "இந்தியா நம்ம ஊருதானே அஞ்சலை? அங்க போய்…"

"யாரு ஊரு கிராணி? உங்க ஊரா இருக்கும்! நான் பொறந்தது இந்தத் தோட்டத்துல. அவுரும்தான். எங்க அப்பன் ஆத்தா செத்தது இந்த மண்ணுல. அங்க எனக்கு யாரு கதவத் தொறப்பா? பால் வெட்டத்தான் எனக்குத் தெரியும். பால்மரம் இருக்கா டீச்சரம்மா உங்க ஊர்ல?"

என்னைப் பார்த்துதான் கேட்டாள். திருச்சியில் பால்மரம் ஏது? பறவை என்று தலையாட்டிவிட்டுச் சோறு தின்ற என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. இவள் எங்கே பறவை? பிடுங்கி வைத்தால் பட்டுப்போகிற ஜாதி இவள். "நான் போய்ப் பேசுறேன், நீ குழந்தையைப் பாரு" என்றேன். என்ன பேசுவது என்று தெரியாது.

கால் தானாக ஓடைப் பக்கம் போயிற்று. மாரிமுத்து முதல்நாள் வைத்த கண்ணியில் ஒரு ருவாக் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துரையிடம் கெஞ்சி லாரி ஏறி ரந்தாவுக்குப் போனேன். வழியெல்லாம் அது கொத்திய கொத்தில் விலாவில் ரத்தம் கட்டிவிட்டது. எண்ணெய் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, பாதி வழியில் சக்கரம் பஞ்சராகி, சேற்றில் இறங்கித் தள்ளி… சரி, அதை விடுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரர், என்னைவிடக் களைத்துப் போயிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். கண்ணி, ஊசிப்போன சோறு, பால் சுரக்காத தாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லோரும் ஏதோ ஒரு கதை சொல்கிறார்கள், அம்மா" என்றார்.

"கதையில்லை. ஒரு பிளேடு கொடுங்கள்."

நான் செடிக்காரிதான். ஆனாலும் ஆள் இல்லாத வருஷங்களில் பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டியிருக்கிறேன். அவர் மேஜை மேலேயே செய்தித்தாளை விரித்து, பறவையின் கழுத்தைத் திருகி, வயிற்றைக் கிழித்து இரைப்பையைப் பிளந்து காட்டினேன். புழு, சின்னக் கற்கள், நடுவில் பருக்கை பருக்கையாகச் சோறு. புளித்த நாற்றம் அறையெல்லாம் பரவியது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நம்புகிறேன்" என்றார் கடைசியில். "எனக்கு இந்த ஆளைப் பிடித்து வைக்க ஆசையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓடைக்கரை முழுக்க வெட்டியாயிற்று. ஒரே ஒரு மூலையில் மட்டும் புதர் நிற்கிறது. அந்த மூலைக்குப் போகிற ஒருவன் மடியில் சோறு. என் மேலதிகாரி என்ன கேட்பார்? அந்தப் புதரை யாருக்காக விட்டு வைத்திருக்கிறார்கள்?"

"எனக்காக" என்றேன். செடியைப் பற்றிச் சொன்னேன். காய் முற்ற இன்னும் மூன்று வாரமாவது வேண்டும் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மூன்று வாரம் நான் புதரை விட்டுவைக்கலாம். ஆனால் புதர் இருக்கிற வரைக்கும் இவனை வெளியே விட முடியாது. இரண்டு வாரத்தில் இவன் பேப்பர் என் கையை விட்டுப் போய்விடும். நாளைக்கே அதை வெட்டுவதென்றால், மறைவுமில்லை, சோறு வாங்க ஆளுமில்லை என்று எழுதி நான் இன்றைக்கே இவனை அனுப்பலாம். நீங்களே சொல்லுங்கள்."

உள்ளே கம்பிக்குப் பின்னால் மாரிமுத்து குந்தியிருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. நாங்கள் பேசிய ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பேராசிரியரின் கை ஞாபகம் வந்தது. கண் தெரியாதவர் நீட்டுகிற கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிட்டதாக எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதன்பிறகுதான், "வெட்டச் சொல்லுங்கள்" என்றேன்.

திரும்பும்போது லாரியில் மாரிமுத்து அந்தக் கிழித்த பறவையைச் செய்தித்தாளோடு மடியில் வைத்துக்கொண்டான். "வீணாக்கக் கூடாது டீச்சரம்மா. அஞ்சலைக்குச் சாறு வச்சிடலாம்." வாசலில் சோதித்தவர்கள், உள்ளே போகிற பொருள்தானே என்று விட்டுவிட்டார்கள். அஞ்சலை ஓடிவந்து என் காலில் விழப் போனாள். எனக்குப் பிடிக்காத பழக்கம் அது. ஆனாலும் அன்றைக்குத் திட்டத் தெம்பில்லை.

மறுநாள் காலை பெரட்டில் மூலைப் புதரை வெட்டப் பெயர் வாசித்தார்கள். முதல் பெயரே மாரிமுத்து. அவனையே வெட்ட வைக்க வேண்டும், பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். துரைசாமிகூட, எதுக்கு டீச்சர் மனசக் கஷ்டப்படுத்திக்கிறீங்க என்றார்.

மாரிமுத்து விறுவிறுவென்று வெட்டிக்கொண்டு போனான். சிம்பும் கொடியும் சரிந்து விழ, இத்தனை நாள் இருட்டாக இருந்த இடத்தில் வெயில் சுள்ளென்று இறங்கியது. பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் கத்தியை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். இலைகளுக்குக் கீழே பச்சையாகக் காய்கள் தெரிந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"டீச்சரம்மா, இத மட்டும் விட்டுடட்டுமா? சின்னதுதானே. யாருக்குத் தெரியப் போவுது?"

"வெட்டுப்பா. அவர் பாக்குறாரு."

"கை வரல லா."

கரை மேலிருந்த கான்ஸ்டபிள் எழுந்து நின்றார். அவன் ஏன் நிற்கிறான், எதை மறைக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு சரிவில் இரண்டடி வைத்தார். மாரிமுத்துவின் முகம் வெளுத்தது, அப்போதும் கத்தி இறங்கவில்லை. நான் முழங்காலை ஊன்றிக் குனிந்து குத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சேற்று மண், ஒரே இழுப்பில் கிழங்கும் காயுமாக வந்துவிட்டது.

"அது என்ன?" என்று கான்ஸ்டபிள் எனக்கும் புரிகிற மலாயில் கேட்டார்.

கையில் இருந்ததை வெட்டிப் போட்ட குப்பை மேல் எறிந்தேன்.

"புல்" என்றேன்.